வாந்தி, பேதி, மெலிவு... பூனையின் வயிறு சொல்லும் சேதி!

வீட்டில் ஒரு செல்லம் - வாரத் தொடர்

"பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும். முடி உள்ளே போயிருக்கும், வெளியே தள்ளிடுச்சு. அவ்வளவுதான்!"

பூனை வளர்க்கும் எந்த வீட்டிலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். எப்போதாவது ஒரு முடி உருண்டை வந்து விழுந்தால் அது சரிதான். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை வாந்தி, நான்கு நாள் நன்றாக இருந்து ஐந்தாம் நாள் மறுபடி பேதி, சாப்பாடெல்லாம் சரியாக இருந்தும் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது என்றால், அதற்குக் காரணம் முடி இல்லை. வயிறு நமக்கு ஏதோ சொல்ல முயல்கிறது.

மூன்று வாரங்களுக்கு மேல் தொடரும் அல்லது விட்டுவிட்டு வரும் வாந்தி, பேதியை 'நாள்பட்ட' பிரச்னை என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். ஒருநாள் கோளாறுக்கும் இதற்கும் வைத்தியம் வேறு. முதலாவது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இரண்டாவதற்குக் காரணத்தைத் தேட வேண்டும். அந்தத் தேடலில் பாதி டாக்டரின் மேஜையில் நடக்கும். மீதிப் பாதி நம் அடுக்களையில்தான்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

பூனைக்கு வாய் இல்லை. டாக்டருக்கு அது சொல்ல வேண்டியதை நாம்தான் சொல்ல வேண்டும். "அடிக்கடி வாந்தி எடுக்குது டாக்டர்" என்பது போதாது. மொபைலில் நோட்ஸ் திறந்து, இரண்டு வாரத்துக்கு இவற்றை மட்டும் குறித்து வையுங்கள்.

* வாந்தியா, எதுக்களிப்பா? வயிறு குலுங்கி, ஓங்கரித்து வந்தால் வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல், சாப்பிட்ட உணவு அப்படியே குழாய் வடிவில் வெளியே விழுந்தால் அது எதுக்களிப்பு. முதலாவது வயிறு, குடல் சம்பந்தப்பட்டது. இரண்டாவது பெரும்பாலும் உணவுக்குழாய் சம்பந்தப்பட்டது. சந்தேகமாக இருந்தால் வீடியோ எடுத்துவிடுங்கள். பத்து விநாடி வீடியோ பத்து நிமிட விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

* பேதி எப்படி? அளவு நிறைய, எண்ணிக்கை குறைவு, கூடவே எடையும் குறைகிறது என்றால் சிறுகுடல் பக்கம் சந்தேகம் போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை, சளியோடு, சில நேரம் சிவப்பு ரத்தத்தோடு வந்தால் பெருங்குடல்.

* எடை எவ்வளவு? இதுதான் மிக முக்கியம். பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான எடை மெஷின் கிடைத்தால் இன்னும் துல்லியம். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால், அது 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம். ரோமம் மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும்.

* என்னென்ன சாப்பிட்டது? தட்டில் வைத்தது மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் கிடைத்தது, குப்பைக்கூடையில் எடுத்தது, சுவரில் பிடித்த பல்லி வரை எல்லாமே. பல்லி தின்னும் பூனைகளுக்கு அதன்மூலம் கல்லீரலைத் தாக்கும் தட்டைப்புழு தொற்ற வாய்ப்பு உண்டு. அந்தப் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தட்டில் என்ன இருக்கிறது?

நம் வீட்டுப் பூனைகளின் மெனு நமக்குத் தெரியும். காலையில் பால், மதியம் தயிர் சோறு, மீன் வாங்கும் நாளில் தலையும் குடலும், மற்ற நாளில் குழம்பில் பிசைந்த சோறு. "காலங்காலமா இதைத்தானே போடுறோம்?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் காலங்காலமாகப் பூனை அதை மட்டும் நம்பி இருந்ததில்லை. எலி, குருவி, ஓணான் என்று மிச்சத்தை வெளியில் பார்த்துக்கொண்டது. அபார்ட்மென்ட் பூனைக்கு அந்த வழி இல்லை. நாம் வைப்பதுதான் அதன் மொத்த உணவு.

பால்: குட்டியாக இருக்கும்போது தாய்ப்பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்சைம் பூனைக்கு நிறைய இருக்கும். பால் மறந்த பிறகு அது குறைந்துவிடும். பல பூனைகளுக்குப் பேதியின் காரணம் அந்தக் காலைக் கிண்ணம்தான். ஒரு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் குறைவு. அதனால் சில பூனைகள் தாங்கும். ஆனால் தயிர் நாள்பட்ட பேதிக்கு மருந்து இல்லை.

குழம்பு சோறு: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கும். பச்சையோ, வெந்ததோ, பொடியோ, எல்லாமே ஆபத்துதான். நம் குழம்பில் இவை இரண்டும் இல்லாத நாள் ஏது?

பச்சை மீன்: சில வகை மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் என்சைம் உண்டு. அதையே தினமும் தின்றால் நரம்புக் கோளாறு வரும். வேகவைத்தால் அந்த என்சைம் போய்விடும். முள்ளை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். உப்பேறிய கருவாடு வேண்டவே வேண்டாம்.

சைவ வீட்டுப் பூனை: இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பூனை கட்டாய மாமிச உண்ணி. டாரின் என்ற சத்தை அது தன் உடம்பில் போதுமான அளவு தயாரிக்க முடியாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். வெறும் பால் சோற்றில் வாழும் பூனைக்கு டாரின் குறைந்தால் இதயத் தசை பலவீனமாகும், விழித்திரை சிதைந்து பார்வை போகும். போன பார்வை திரும்பாது. வீட்டில் இறைச்சி சமைக்க முடியாது என்றால் பரவாயில்லை. முழுமையான சத்து கொண்டது என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் பூனை உணவை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதற்கு அடுப்பு பற்றவைக்க வேண்டியதில்லை.

டாக்டர் என்ன தேடுவார்?

பேதி என்று போனதும் ஒரு ஆன்டிபயாடிக் எழுதி வாங்கி, நின்றதும் மறந்து, திரும்ப வந்ததும் அதே சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டுவது பலரின் வழக்கம். தேவை உறுதியாகாமல் தரும் ஆன்டிபயாடிக் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே காலி செய்கிறது. நாள்பட்ட பிரச்னைக்கு இன்று சொல்லப்படும் வழி படிப்படியானது.

முதல் படி, மலப் பரிசோதனை. உருண்டைப்புழு, கொக்கிப்புழு, ஜியார்டியா போன்றவற்றைத் தேடுவார்கள். ஜியார்டியா ஒவ்வொரு நாளும் மலத்தில் வெளிப்படாது. அதனால் மூன்று நாள் மாதிரியைச் சேர்த்துக் கேட்டால் டாக்டர் மீது சலித்துக்கொள்ளாதீர்கள். குடற்புழு நீக்கத்தை எடைக்கேற்ற அளவில், சரியான இடைவெளியில் செய்திருக்கிறோமா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. வாந்திக்குக் காரணம் வயிற்றில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சிறுநீரகம், கல்லீரல், கணையம், சர்க்கரை என எதுவாகவும் இருக்கலாம். பத்து வயது தாண்டிய பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டு அளவையும் பார்ப்பார்கள்.

மூன்றாவது, வயிற்று ஸ்கேன். குடல் சுவர் தடித்திருக்கிறதா, நிணநீர் முடிச்சு வீங்கியிருக்கிறதா, உள்ளே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்பது இதில் தெரியும்.

இவற்றில் எதுவும் சிக்கவில்லை, பூனையும் ஓரளவு தெம்பாக இருக்கிறது என்றால், அடுத்த படி மருந்து இல்லை. சாப்பாடு!

உணவுச் சோதனை: கேட்கச் சுலபம், செய்யக் கஷ்டம்

நாள்பட்ட வயிற்றுக் கோளாறு உள்ள பூனைகளில் கணிசமானவை உணவை மாற்றினாலே தேறிவிடுகின்றன. பூனைகளுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, மீன், கோழி. நம் ஊர்ப் பூனையின் வாழ்க்கையே பின்னால் சொன்ன இரண்டில்தான் ஓடுகிறது!

சோதனைக்கு இரண்டு வழிகள். ஒன்று, பூனை இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு இறைச்சி. முயல், வாத்து, சில பூனைகளுக்கு ஆட்டுக்கறி. இரண்டு, 'ஹைட்ரோலைஸ்டு' உணவு. புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துத் தயாரிப்பது. உடம்பின் எதிர்ப்பு சக்திக்கு அது இன்ன இறைச்சி என்று அடையாளமே தெரியாது. அதனால் சண்டையும் போடாது. இதை டாக்டர் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

குடல் பிரச்னைக்கு உணவு ஒத்துவந்தால் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் மாற்றம் தெரிந்துவிடும். தோல் அரிப்பும் இருந்தால் எட்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அந்த நாள்களில் அந்த உணவும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது. பிஸ்கட், ட்ரீட், சிக்கன் ஃப்ளேவர் சேர்த்த மாத்திரை, எதுவுமே!

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் சோதனை தோற்கிறது. பெரம்பூரில் இருக்கும் தோழி வீட்டுப் பூனை மணிக்கு எட்டு வயது. ஓராண்டாகப் பேதி. 4.1 கிலோவிலிருந்து 3.3 கிலோவுக்கு வந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு உடம்பு காணாமல் போயிருந்தது. பரிசோதனைகள் முடிந்து உணவுச் சோதனை ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. விலை உயர்ந்த உணவு வேறு. அடுத்து பயாப்ஸியா என்று பேச்சு வந்தபோதுதான், தோழியின் தம்பி ஒருநாள் பதினொரு மணிக்கு வீட்டில் இருந்தான். பாட்டி நெத்திலி ஆயும் நேரம் அது. பின்வாசலில் மணி உட்கார்ந்திருக்க, பாட்டி ஒவ்வொரு தலையாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் பெரிய சண்டை. "வாயில்லா ஜீவன் என் காலைச் சுத்திச் சுத்திக் கேக்குது. நீங்க தர்ற மாத்திரை மாதிரி உருண்டையை அது மோந்துகூடப் பாக்கல. பட்டினி போட்டா வளக்குறது?" என்று பாட்டி அழுதேவிட்டார். பாட்டி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மணி இளைத்துக்கொண்டே போவதை வீட்டில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் மட்டும்தான். கொஞ்சம் மீன் சாப்பிட்டால் தேறிவிடும் என்று நம்பினார்.

தோழியின் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். மணிக்குச் சாப்பாடு போடும் வேலையை முழுக்கப் பாட்டியிடமே கொடுத்துவிட்டார். காலையில் ஒரு நாளுக்கான உணவை டப்பாவில் அளந்து பாட்டி கையில் கொடுத்துவிடுவார்கள். எப்போது போடுவது, எத்தனை தடவை போடுவது என்பதெல்லாம் பாட்டியின் இஷ்டம். டப்பா மட்டும்தான் கணக்கு. பதினொரு மணிக்கு மணி வந்து நின்றால் டப்பாவிலிருந்து நாலு உருண்டை, கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்து, பாட்டியின் விரலால். இரண்டாவது வாரத்தில் பேதி நின்றது.

நின்றதோடு விடவில்லை. டாக்டர் சொன்னபடி பழைய கோழி உணவைக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கே நாளில் பேதி திரும்பியது. குற்றவாளி உறுதியானது. இந்த மறுபரிசோதனை அவசியம். இல்லையென்றால் தேறியது உணவாலா, தற்செயலா என்று தெரியாமலே போய்விடும். இப்போது மணி 3.9 கிலோ.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள். வீட்டில் எல்லோரும் சம்மதிக்காமல் உணவுச் சோதனையை ஆரம்பிக்காதீர்கள். பாட்டி, தாத்தா, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, எதிர் ஃபிளாட் குழந்தைகள் எல்லோருக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். அடுத்து, டாக்டர் வேறுவிதமாகச் சொல்லாதவரை உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஏழு முதல் பத்து நாள்களில் பழையதைக் குறைத்து, புதியதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். வீட்டிலேயே சமைத்துத் தருவதாக இருந்தால், சோதனைக் காலத்துக்கு மேல் அதையே தொடரும் முன் டாரின், கால்சியம் என என்னென்ன சேர்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் கறி முழு உணவாகாது.

உணவு மட்டும் போதாதபோது...

சில பூனைகளுக்கு உணவு மாற்றம் கைகொடுக்காது. குடலில் நிரந்தர அழற்சி இருக்கலாம். வயதான பூனைகளில் மெதுவாக வளரும் ஒருவகைக் குடல் புற்றுநோயும் இதே அறிகுறிகளோடுதான் வரும். இரண்டையும் பிரித்தறிய எண்டோஸ்கோப்பி அல்லது அறுவை சிகிச்சை வழியாகத் திசு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அழற்சி என்றால் ஸ்டீராய்டு மாத்திரை. மெதுவாக வளரும் அந்தப் புற்றுநோய்க்கும் ஸ்டீராய்டோடு இன்னொரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தால், பல பூனைகள் நல்லபடியாகவே நீண்ட நாள் வாழ்கின்றன. 'புற்றுநோய்' என்ற வார்த்தையைக் கேட்டதும் கைவிட்டுவிட வேண்டாம்.

பி12 வைட்டமின் பற்றியும் கேளுங்கள். குடலின் கடைசிப் பகுதி பழுதானால் இது உடம்பில் சேராது. பி12 குறைந்தால் பசி போகும், எடை ஏறாது, மற்ற மருந்துகளும் சரியாக வேலை செய்யாது. ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள். ஊசி என்றால் வழக்கமாக வாரம் ஒன்று என ஆறு வாரம்.

ஸ்டீராய்டு ஆரம்பித்தால் பூனை தெம்பானதும் நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை நோய் எட்டிப்பார்க்கலாம் என்பதால், தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, சிறுநீர் அதிகம் போகிறதா என்றும் கவனியுங்கள்.

மலச்சிக்கல்... ஜாக்கிரதை!

பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக்காரர்கள். இரையில் உள்ள ஈரத்திலேயே காலம் தள்ளியவர்கள். அதனால் பூனைக்குத் தாகம் எடுப்பதே குறைவு. ட்ரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவிகிதம் அளவுக்குத்தான். பவுச்சில் வரும் வெட் ஃபுட்டில் முக்கால் பங்கு தண்ணீர். மலம் இறுகும் பூனைக்கு முதல் வைத்தியம் இந்த மாற்றம்தான். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். வீட்டில் இரண்டு, மூன்று இடத்தில் வையுங்கள். லிட்டர் பாக்ஸைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். அழுக்காக இருந்தால் சில பூனைகள் அடக்கிக்கொள்ளும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆண் பூனை லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கினால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெயைத் தேடாதீர்கள். அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரையே பறித்துவிடும். சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நள்ளிரவாக இருந்தாலும் கிளம்புங்கள்.

செய்யவே கூடாதவை

* பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரண மாத்திரை. பூனைக்கு ஒன்றே ஒன்று போதும், உயிர் போக. மனிதர்களின் பேதி மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

* பட்டினி போடாதீர்கள். "ஒரு நாள் வயித்தைக் காயப் போட்டா சரியாயிடும்" என்பது பூனைக்கு ஆகாது. இரண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதைச் செயலிழக்க வைத்துவிடும். 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றாலே டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

* நூலை இழுக்காதீர்கள். பூ கட்டும் நூல், தையல் நூல், ஜிகினா எல்லாம் பூனைக்கு விளையாட்டுச் சாமான். விழுங்கிய நூல் வாயிலோ ஆசனவாயிலோ நீட்டிக்கொண்டிருந்தால் கை வைக்காதீர்கள். உள்ளே குடலை அது அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். வாடிய மல்லிகைச் சரத்தைக் குப்பைக்கூடையில் போட்டு மூடிவையுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

ஒரே நாளில் பலமுறை வாந்தி, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருப்பது, வயிற்றைத் தொட்டால் கத்துவது, மூலையில் ஒளிந்துகொண்டு வெளியே வராமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால், அது பார்வோ வகை வைரஸாக இருக்கலாம். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை வளாகங்கள் உண்டு. எல்லா டெஸ்ட்டையும் ஒரே நாளில் எடுக்க முடியாவிட்டால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எதை முதலில் பார்க்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று வரிசைப்படுத்திக் கொடுப்பார். வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை இது.

நாள்பட்ட வயிற்றுக் கோளாறு பல பூனைகளுக்கு முற்றாகக் குணமாவதில்லை. ஆனால் கட்டுக்குள் இருக்கும். நம் வீட்டில் சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்குத் தட்டு தனியாகப் போவதைப் போல, பூனைக்கும் ஒரு தட்டு தனியாகப் போகும். வாரத்துக்கு ஒருமுறை எடை, மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டிப் பார்ப்பது, டாக்டர் சொன்ன தேதியில் ஒரு நடை. இவ்வளவுதான் வேலை.

இன்று இரவு சாப்பாடு வைக்கும்போது உங்கள் செல்லத்தின் முதுகெலும்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு எடை பார்த்து, அந்த எண்ணைத் தேதியோடு மொபைலில் குறித்து வையுங்கள்.

அடுத்த வாரம்: கோடை வெயிலில் பூனை, நாய்களுக்குத் தண்ணீர் குடிக்கவைப்பது எப்படி?